கொடைக்குப் போன பத்து மாதப் பாப்பா

மே 8, புதன்

வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். அம்பாசமுத்திரம் பக்கம் அத்தை வீட்டுக்குப் போகிறோம், அம்மன் கோயில் கொடை, அதாவது ஊர்த் திருவிழா. பாப்பாவுக்கு இதுதான் முதல் நெடும்பயணம்.

வீட்டில் அவள் தூங்குவதற்கு ஒரு வரிசை உண்டு. வெந்நீரில் உடம்பு துடைப்பது, பருத்திச் சட்டை, விளக்கை அணைப்பது, பால், அப்புறம் தாலாட்டு. நேரம் முன்பின் ஆனாலும் இந்த வரிசையை மாற்றியதில்லை. போகிற இடத்தில் அறையும் கட்டிலும் மாறத்தான் செய்யும். வரிசையையாவது கையோடு கொண்டுபோக வேண்டும். தூளிச் சேலையைத் துவைக்காமல் மடித்து வைத்துவிட்டேன். துவைத்தால் அவளுக்குப் பழகிய வாசம் போய்விடும்.

மே 11, சனி

பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் ரயிலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை தூங்காது, அழும். நேற்று இரண்டு பகல் தூக்கத்தையும் வழக்கம்போலத் தூங்கவைத்துத்தான் எழும்பூருக்குக் கிளம்பினோம்.

பெட்டியில் பத்து மணி வரை வெளிச்சம், பேச்சு, சாப்பாட்டு வாசனை. ஒரு போர்வையை நடுப் படுக்கையின் விளிம்பில் செருகித் திரைபோலத் தொங்கவிட்டேன். காற்று வர கால்மாட்டுப் பக்கம் திறந்தே இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, சட்டை மாற்றி, பால் கொடுத்துப் பாடினேன். கண் சொருகும்போதெல்லாம் வண்டி நின்றது, நின்றதும் விழித்தாள். விழுப்புரம் தாண்டித்தான் தூங்கினாள், என் தாலிக்கயிற்றைப் பிடித்தபடி.

கீழ்ப் படுக்கையின் அகலத்தில் ஒரு பெரிய ஆள் படுக்கத்தான் இடம். பக்கத்தில் படுத்து நானும் தூங்கிவிட்டால் அவள்மேல் புரண்டுவிடுவேனோ என்று பயம். அதனால் நானும் அவரும் முறைவைத்து விழித்திருந்தோம். 2022-ல் லக்னோ மெயிலில் தாயின் படுக்கையோடு ஒட்டி ஒரு குட்டிப் படுக்கையைச் சோதனைக்குப் பொருத்தினார்கள். எல்லா வண்டிக்கும் அது வர வேண்டும் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மே 12, ஞாயிறு

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இந்த வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் வேண்டும். நேற்று பாப்பாவுக்குப் பத்துகூடத் தேறவில்லை. சாயங்காலம் முழுக்கச் சிணுங்கல்.

ஆச்சி உத்தரத்தைக் காட்டி, “பிள்ளையத் தூளியில போடுட்டி, தன்னால உறங்கும்” என்றார்கள். போட்ட பத்தாவது ஆட்டத்தில் உறங்கினாள். எனக்கும் தூளி பிடிக்கும். ஆனால் அதில் குழந்தை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குத் தடை. பத்து மாதப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கவிழ்ந்தும் விடலாம். அதனால் உறங்கியதும் எடுத்துத் தரையில் விரித்த பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தேன், தலையணை இல்லாமல். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. பாய்க்குப் பக்கத்தில் வந்து தானும் படுத்துக்கொண்டார்கள்.

மே 13, திங்கள்

“நாளைக்கு மேளச் சத்தத்துல பிள்ள உறங்காது, சளி மருந்து கொஞ்சம் கொடு” என்றார்கள் உறவுக்கார மதினி ஒருவர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். இருந்தாலும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. சளி மருந்துகளில் வரும் குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாதென்று புட்டியிலேயே அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் உத்தரவே வந்திருக்கிறது. தூக்கத்துக்காக மருந்து கொடுக்கவே கூடாது மதினி, மூச்சு மந்தமாகிவிடும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். அவர்கள் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருக்கிறது.

மே 15, புதன்

நேற்று கொடை. சாயங்காலம் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நின்று பாப்பாவுக்கு வில்லுப்பாட்டு காட்டினோம். குடத்தில் தட்டுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். எட்டு மணிக்குத் திரும்பி, பின்கட்டு அறையில் அதே வரிசை. மேசை விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஓடவிட்டேன். அதன் ஒரே சீரான இரைச்சல் வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கியது.

நடுராத்திரி சாமக்கொடைக்கு நையாண்டி மேளம் எழும்பியபோது உடம்பு தூக்கிப்போட, விழித்துவிட்டாள். நான் விளக்கைப் போடவில்லை, தூக்கவும் இல்லை. நெஞ்சில் கைவைத்து மெல்லத் தட்டிக்கொண்டே பாடினேன். என் பாட்டு எனக்கே கேட்கவில்லை. கைக்குக் கீழே அவள் மூச்சு நிதானப்பட்டது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாய் தானாகப் பால் குடிப்பதுபோல் அசைந்தது. உறங்கிவிட்டாள்.

மே 18, சனி

நேற்றுக் காலை சென்னை வந்து சேர்ந்தோம். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருட்டில் அங்குமிங்கும் பார்த்தாள். ஆச்சியைத் தேடினாள் போலிருக்கிறது. தூளிச் சேலையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பாடினேன். அதில் இப்போது சாம்பிராணி வாசமும் ஏறியிருக்கிறது. இந்த வாரமும் துவைக்கப் போவதில்லை.