“பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டேன் சார்”

“சார், பார்சல் வந்துடுச்சு. ஆனா...” என்று ஒரு செய்தி. கீழே நாலு போட்டோ. அந்த மூன்று புள்ளியைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் விற்றது ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர். அக்ரிலிக் மேல்மூடி ஒரு மூலையில் தொடங்கிக் குறுக்கே பிளந்திருந்தது. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் ஒரு பக்கமாக வளைந்து தொங்கியது. அதன் வாலில் சமநிலைக்காக இருக்க வேண்டிய எடைக்குண்டு, அதாவது கவுன்ட்டர்வெயிட், கழன்று பெட்டிக்குள் உருண்டு கிடந்தது. ஆள் கிடைத்தது, பணம் வந்தது, பார்சல் போனது எல்லாம் நாலே நாளில் முடிந்தன. அதற்குப் பிறகு ஏழு வாரம் இந்த நாலு போட்டோவோடுதான் குடித்தனம்.

முதல் தப்பு பத்தே நிமிஷத்தில் நடந்தது. “கவலைப்படாதீங்க, அப்படியே திருப்பி அனுப்பிடுங்க, பணத்தைக் கொடுத்துடறேன்” என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டேன். பணம் கொடுப்பது சரி. கூரியருக்குக் காசு கட்டியது நான், வாங்கியவர் அல்ல. “கூரியர்ல கேளுங்க” என்று அவரை அலையவிடுவதில் நியாயமே இல்லை. ஆனால் திருப்பி அனுப்பச் சொன்னேனே, அதுதான் பிசகு. உடைந்த சாமான் இன்னொரு தடவை வண்டி ஏறி இறங்கினால், போகும்போது உடைந்தது எது, வரும்போது உடைந்தது எது என்று யார் சொல்வது? எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கேயே, சேர்ந்த கோலத்திலேயே அது இருக்க வேண்டும். நல்லவேளையாக அந்த மனுஷர் வேலை மும்முரத்தில் இரண்டு நாள் தள்ளிப்போட்டார்.

அதற்குள் கூரியருக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு குரல்.

“பெட்டி இருக்கா சார்?”

“உடைஞ்சது பிளேயர்ங்க.”

“புரியுது சார். பெட்டி இருக்கா?”

வாங்கியவரிடம் கேட்டேன். “அதைத் தூக்கிப் போட்டுட்டேனே சார்” என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வைத்திருக்கச் சொல்லி நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பிறகு அவரே கீழே இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறி, மடங்கி நசுங்கிய அட்டைப்பெட்டியை மீட்டு வந்தார். முகம் தெரியாத ஒருவனுக்காக இந்த வேலையைச் செய்தாரே, அதற்கே அவரை மறக்க மாட்டேன். உள்ளே வைத்த ஃபோம் துண்டுகளில் பாதி போயே போய்விட்டன. ஆனால் பெட்டியின் மேல்மூலையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பக்கத்திலேயே முகவரி லேபிளும் கிழியாமல் ஒட்டியிருந்தது.

கிளைம் படிவத்தில் கேட்டவை: பெட்டியின் ஆறு பக்கமும் தனித்தனிப் போட்டோ, லேபிள், உள் பேக்கிங், சேதம், விலைக்கு ஆதாரம். பழைய சாமானுக்கு பில்லுக்கு எங்கே போவது? விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்தேன். “அது நீங்க கேட்ட விலை சார், வாங்கின விலை இல்லையே” என்று திருப்பிவிட்டார்கள். கேட்கும்போது எரிச்சலாக இருந்தாலும் நியாயம்தான். பணம் வந்த வங்கிப் பதிவையும், விலை பேசி முடித்த உரையாடலையும் சேர்த்துக் கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில்: உள் பேக்கிங் போதுமானதாக இல்லை, கிளைம் நிராகரிக்கப்பட்டது.

இங்கே நான் கொஞ்சம் உண்மை பேச வேண்டும். என் பெட்டி 50 x 40 x 25 செ.மீ. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்குப் போட, பெரும்பாலான கூரியர்கள் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 10 கிலோ வரும். நிஜ எடை 7 கிலோதான், ஆனாலும் 10-க்குத்தான் காசு. இதையே இன்னொரு பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் 5 செ.மீ. மெத்தை கொடுத்தால் 60 x 50 x 35, அதாவது 21 கிலோ. காற்றுக்கா காசு கட்டுவது என்று ஒற்றைப் பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன். சுழலும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றத் தெரிந்த எனக்கு, கவுன்ட்டர்வெயிட்டைக் கழற்றத் தோன்றவில்லை. மேல்மூடியையும் கீலிலேயே விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே ‘உடையும் பொருள்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் வேறு. கன்வேயர் பெல்ட்டுக்கு எழுத்தா தெரியும்?

ஆக, டோன்ஆர்ம் போனதற்கு நான்தான் பொறுப்பு. மூடி அப்படி இல்லை. அதற்கு மேலே முழுசாக 5 செ.மீ. ஃபோம் வைத்திருந்தேன். அதை எப்படி நிரூபிப்பது?

கை கொடுத்தது மகள் விளையாட்டாக எடுத்த ஒரு வீடியோ. நான் பேக்கிங் டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிச் சுரண்டித் திட்டிக்கொண்டிருப்பதைச் சிரித்துக்கொண்டே எடுத்திருந்தாள். அதில் மூடி முழுசாக இருப்பதும், மேலே ஃபோம் படிவதும், பெட்டி மூடப்படுவதும் வரிசையாகத் தெரிந்தன. அதோடு இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்புக்குறி போட்டேன். பெட்டியில் ஓட்டை எந்த மூலையிலோ, மூடியின் விரிசலும் அதே மூலையில்தான் தொடங்குகிறது. “டோன்ஆர்முக்கு நான் கேட்கவில்லை, மூடிக்கு மட்டும் கேட்கிறேன்” என்றும் எழுதினேன். மேல்முறையீட்டுக்கு ஒன்பதாம் நாள் ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்தபோது டேப்பைத் திட்டியதற்காக முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

வந்த தொகையைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் இறங்கிவிட்டது. அனுப்பும்போது காப்பீட்டுக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க, பொருளின் மதிப்பை விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்காக எழுதியிருந்தேன். அதற்கு மேல் ஒரு காசு தர மாட்டார்கள். மதிப்பே எழுதாமல் விட்டால் இன்னும் மோசம், பல இடங்களில் எடையை வைத்துத்தான் ஈடு. நாடு விட்டு நாடு போகும் விமானச் சரக்குக்கான 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையிலும் இதே கதைதான்: தனியாக மதிப்பை அறிவிக்காதவருக்குக் கிலோ கணக்கு, சேதத்தை எழுத்தில் தெரிவிக்கப் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் கெடு. உள்ளூர்ப் பார்சலுக்கு அதைவிடக் குறைவாகவும் கெடு வைப்பார்கள். தூக்கம் வராத ஒரு ராத்திரியில் பொடி எழுத்தையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது.

வாங்கியவரைக் கிளைம் முடியும்வரை காக்க வைக்கவில்லை. “பாதியைத் திருப்பிக் கொடுங்க சார், ஆர்மை நானே மாத்திக்கிறேன்” என்றார். அன்றைக்கே அனுப்பிவிட்டேன். ஆக மொத்தம் நஷ்டம்தான்.

இப்போதெல்லாம் பார்சல் கிளம்பும் அன்றே வாங்குபவருக்கு ஒரு செய்தி போய்விடும்: பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே அதை எழுதுங்கள், பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், பெட்டியையும் உள்ளே இருக்கும் ஃபோமையும் நான் சொல்லும்வரை தூக்கிப் போடாதீர்கள். சிலருக்கு இது அதிகப்பிரசங்கித்தனமாகப் படுகிறது. பட்டுவிட்டுப் போகட்டும்.

பணம் வந்து மூன்று வாரம் கழித்துக் கூரியரிலிருந்து ஒரு போன். வேறு குரல்.

“சார், உங்க கிளைம் விஷயமா நேர்ல பார்க்க ஆள் அனுப்பணும். பெட்டி இருக்கா சார்?”