எக்ஸுக்கு ஆயிரம் போட்டு பாருங்க

+2 ரிவிஷன் டெஸ்ட்ல வந்த கேள்வி இது. ஒரு பின்னம், மேல 5 மைனஸ் 2 எக்ஸ் ஸ்கொயர், கீழ 3 எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் பிளஸ் 1, ஹரிசாண்டல் அசிம்ப்டோட் கண்டுபிடி, அதாவது எக்ஸ் ரொம்ப தூரம் போகப்போக கர்வ் நெருங்கிப் போற படுக்கை கோடு. நான் பாட்டுக்கு ஒய் = 5/3னு எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன், பேப்பர் வந்தப்போ பாத்தா பெரிய முட்டை. சரியான ஆன்சர் மைனஸ் 2/3.

டியூஷன்ல மூணு ரூல் மனப்பாடம் பண்ண வெச்சாங்க, அதுல ஒண்ணு "டிகிரி சேமா இருந்தா முன்னாடி இருக்கிற நம்பரை வகு"ன்னு (டிகிரின்னா எக்ஸோட பெரிய பவர்). முன்னாடின்னா எழுத்துல முன்னாடி இல்ல, பெரிய பவருக்கு முன்னாடி, இதை யாரும் சொல்லல, நானும் கேக்கல.

அப்போ ஞாயித்துக்கிழமை ஆனா திருவல்லிக்கேணியில பறக்கும் ரயில் ஏறி கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு போவோம், சொந்த புக் வெச்சு படிக்கிற எடத்துல உக்காந்தா வீட்டு டிவி சத்தம் கிடையாது. அங்க என் ஃப்ரெண்டு ஒருத்தன்தான், "ரூலை விடுடா, எக்ஸுக்கு 1000 போட்டு பாரு"ன்னான். கணக்கு, மேல 2 எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 3 எக்ஸ் பிளஸ் 1, கீழ எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 4. போட்டா மேல 20 லட்சத்துல இருந்து 3 ஆயிரம் போய் 1 கூடுது, கீழ 10 லட்சத்து 4. வகுத்தா 1.997 கிட்ட வருது. கல்யாணத்துக்கு இருபது லட்சம் செலவு பண்றவங்க வெத்தலை பாக்கு காசையா கணக்கு பாப்பாங்க, அந்த மாதிரி பெரிய பவர் மட்டும்தான் பேசும், மீதி எல்லாம் சும்மா கூட வந்த ஆளுங்க. அதனால ஒய் = 2.

இது புரிஞ்சா மூணு ரூலும் தானா வந்துடும். கீழ டிகிரி பெருசுன்னா பின்னம் தேஞ்சுகிட்டே போகும், ஒய் = 0. மேல பெருசுன்னா எகிறிடும், ஹரிசாண்டல் அசிம்ப்டோட்டே இல்ல (சரியா ஒண்ணு மட்டும் அதிகம்னா சாய்வா ஒரு கோடு வரும், அதுக்கு நீள் வகுத்தல் பண்ணணும்). இங்க நெறைய பேரு ஒய் = 0 வர்ற எடத்துல "இல்லை"ன்னு எழுதிடுறாங்க. ஜீரோன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லப்பா, எக்ஸ் அச்சே அந்த கோடு.

அடுத்த கொழப்பம், கர்வ் அந்த கோட்டை தொடவே தொடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் நம்பினேன். அதே கணக்குல எக்ஸுக்கு மைனஸ் 1000 போடுங்க, 2.003 கிட்ட வரும். இடது பக்கம் 2க்கு மேல, வலது பக்கம் 2க்கு கீழ, கீழ இருக்கிற எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 4 எப்பவும் ஜீரோ ஆகாததால கர்வ் எங்கயும் உடையாது, அப்போ நடுவுல எங்கயோ வெட்டித்தானே ஆகணும்? மொத்தத்தையும் 2க்கு சமப்படுத்தினா எக்ஸ் = மைனஸ் 7/3ல வெட்டுது. தமிழ் மீடியம் புக்குல இதுக்கு பேரு தொலைத்தொடுகோடு, பேர்லயே தொலைவுன்னு இருக்கு பாருங்க, தொலைவுல என்ன ஆகுதுன்னுதான் கேள்வியே, பக்கத்துல என்ன கூத்து அடிச்சாலும் அதுக்கு கவலை இல்ல. வெர்டிகல் அசிம்ப்டோட்டைத்தான், அதாவது கீழ ஜீரோ ஆகி கர்வ் எகிறுற எடத்துல நிக்கிற செங்குத்து கோட்டைத்தான், கர்வ் வெட்டாது, ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க.

அப்புறம் காரணியா குடுத்தா மொத்தமா விரிச்சுகிட்டு நேரத்தை வீணாக்காதீங்க. மேல (2 எக்ஸ் மைனஸ் 1) இன்டூ (எக்ஸ் பிளஸ் 3)ன்னா பெரிய பவர் 2 எக்ஸ் ஸ்கொயர்னு பாத்ததுமே தெரியும். ரேஷனல் ஃபங்ஷனுக்கு (இந்த மாதிரி மேலயும் கீழயும் எக்ஸோட முழு பவர் மட்டும் வர்ற பின்னம்) ஹரிசாண்டல் அசிம்ப்டோட் அதிகபட்சம் ஒண்ணுதான், ஆனா கீழ வர்க்கமூலம் வந்தா உஷார், மேல எக்ஸ், கீழ எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 1க்கு வர்க்கமூலம்னா ஒரு பக்கம் 1, இன்னொரு பக்கம் மைனஸ் 1, ரெண்டையும் எழுதணும். வெறும் 2ன்னு எழுதாதீங்க, ஒய் = 2ன்னு எழுதுங்க, கேக்கறது கோட்டோட சமன்பாடு, இதுக்கும் எனக்கு ஒரு தடவை அரை மார்க் போச்சு.