பொஸ்டன் கடலில் விழுந்த தேயிலை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். நேற்று ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், பொஸ்டனில் கடலில் கொட்டியது நம்முடைய தேயிலையா?"

இல்லை, அது சீனத் தேயிலை. 1773 டிசம்பர் 16 இரவு, அப்போது பிரித்தானியாவின் கீழ் இருந்த அமெரிக்கக் குடியேற்றவாசிகள், பொஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் இருந்த 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். அப்போது கொழும்பு ஒல்லாந்தர் கையில் இருந்தது; அவர்களுக்கு வேண்டியது கறுவா. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான்.

விலை ஏறியதால் வந்த கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த ஆண்டு லண்டன் கொண்டுவந்த தேயிலைச் சட்டம் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலையை மலிவாக்கியது. ஆனால் இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி அப்படியே நின்றது. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் விதித்த வரி! உள்ளூர் வணிகர்களுக்கோ கம்பனியின் ஏகபோகம் பற்றிய அச்சமும் இருந்தது. மறு ஆண்டே லண்டன் அந்தத் துறைமுகத்தை மூடியது. 1775 ஏப்ரலில் பொஸ்டனுக்கு அருகே லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன; அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கியது.

'பிரதிநிதி இல்லாத' என்று கரும்பலகையில் எழுதும்போது என் கை நின்றுவிட்டது. என் அம்மாச்சி ஹட்டனில் கொழுந்து பறித்தவர். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்துக்குப் பிறகு நெடுங்காலம் குடியுரிமையும் வாக்கும் இல்லாமல் வாழ்ந்தவர். மாணவிகளிடம் அவரைப் பற்றியும் சொன்னேன். வகுப்பு முடிய அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது.