கரண்ட் முடிந்த பிறகு

எங்கள் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சையை யாரும் அந்தப் பேரில் சொல்வதில்லை, "கரண்ட் வைக்கிறாங்க" என்றுதான் சொல்வார்கள். கதிர் கொடுக்கிற மெஷினான லீனியர் ஆக்ஸிலரேட்டர் அறையில் டெக்னீஷியனாக எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. முதல் நாள் டேபிளில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஷாக் அடிக்குமா என்றுதான் கேட்பார்கள். அந்த நெசவாளர் ஐயா அதைக் கேட்கவில்லை. "இத வச்சா வயித்துல பை வைக்க வேணாம்தானே தம்பி?" என்றார்.

அவருக்கு மலக்குடலில் புற்றுநோய், ஆசனவாய்க்கு நான்கு சென்டிமீட்டர் மேலே. எட்டு மாதம் ரத்தம் போயிருக்கிறது. அந்த எட்டு மாதமும் மூலம் என்று களிம்பு, உடம்புச் சூடு என்று மோர், வெந்தயம். இத்தனைக்கும் விரலுக்கு எட்டுகிற இடம்! கையுறை போட்டு ஒரு விரலை விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் சந்தேகம் வந்திருக்கும். ரத்தம் போகிறது என்று வருகிறவரை, எந்த வயதானாலும் சரி, தொட்டுக்கூடப் பார்க்காமல் மூலம் என்று எழுதி அனுப்புவதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை.

இவ்வளவு கீழே கட்டி இருந்தால் ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு, குடலை வயிற்றுப் பக்கம் திருப்பி, ஆயுளுக்கும் மலம் சேருகிற பை மாட்டுவதுதான் பழைய வழி. லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-ல் விவரித்த ஆபரேஷன், அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குழித்தறியில் உட்காருகிறவருக்கு நெய்த துணி சுற்றுகிற படமரம் வயிற்றை ஒட்டித்தான் இருக்கும். "அது இடிக்கிற இடத்துல பைய வச்சா நான் எப்படி நெய்யறது?" என்று அவர் சர்ஜனிடமே கேட்டிருக்கிறார். சர்ஜனும் யோசித்து, முதலில் கரண்ட் கொடுப்போம், கட்டி எப்படிக் கரைகிறது பார்ப்போம், அப்புறம் முடிவு செய்வோம் என்று எங்களிடம் அனுப்பினார்.

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஏஞ்சலிட்டா ஹபர்-காமா என்ற பெண் சர்ஜன், கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து கட்டி தடமே இல்லாமல் போனவர்களை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டார். 2004-ல் அவர் வெளியிட்ட கணக்கில் 265 பேரில் 71 பேருக்குக் கட்டி முழுசாகக் கரைந்திருந்தது. அவர்களை ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்தே வந்தார்கள். ஒரு சர்ஜனே கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்போம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அப்போது பலரும் ஏற்கவில்லை, இப்போது உலகமெங்கும் செய்கிறார்கள். கதிர்வீச்சோடு நிறுத்தாமல் மாதக்கணக்கில் கீமோவும் கொடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்று வருடம் கழித்தும் மலக்குடலோடு இருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் நடந்த ஓப்ரா ஆய்வு 2022-ல் காட்டியது.

ஐயாவுக்கு 28 நாள், மொத்தம் 50.4 கிரே (கிரே என்பது கதிரின் அளவு). திங்கள் முதல் வெள்ளி வரை, கூடவே அந்த நாட்களில் காலையும் இரவும் கீமோ மாத்திரை. மெஷின் ஓடுவது சில நிமிடம்தான், எங்கள் பாடெல்லாம் அதற்கு முன்னால். தினமும் சிறுநீர் கழித்துவிட்டு அளந்து தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பினால்தான் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டு கதிரிலிருந்து தப்பிக்கும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்து இறங்குகிற, ஏற்கெனவே அடிக்கடி வெளிக்குப் போகிற உபாதையில் இருக்கிறவரிடம் போய் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கும். ஸ்கேனில் சிறுநீர்ப்பை நிரம்பவில்லை என்று இரண்டு தடவை இறக்கித் திரும்ப உட்கார வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரம் பேதியும் எரிச்சலும் வந்துவிட்டது, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒரு நாளும் விடவில்லை.

அதன் பிறகு நாலு மாதம் கீமோ. முடிந்ததும் ஸ்கோப்பில், அதாவது உள்ளே விடுகிற கேமரா குழாயில், பார்த்தால் கட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு, அதன் மேல் மெல்லிய ரத்த நாளங்கள். எம்ஆர்ஐயிலும் தழும்புதான். சர்ஜன் விரலால் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தட்டுப்படல" என்றார். ஐயா அழுதார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்ததன் விலையை வேறொரு அம்மா கொடுத்தார். அவருக்கும் இதே சிகிச்சை, இதே போல முழுசாகக் கரைந்தது. "நல்லாயிடுச்சும்மா" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். நான் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. எப்போதெல்லாம் வர வேண்டும் என்ற தாள் இங்கிலீஷில் இருந்தது. நல்லாயிடுச்சு என்றுதானே சொன்னார்கள், அவர் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ரத்தப்போக்கோடு வந்தபோது அதே இடத்தில் திரும்ப வளர்ந்து கல்லீரலுக்கும் போயிருந்தது. இப்படிக் காத்திருப்பவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குள் திரும்ப முளைக்கும். அது பெரும்பாலும் குடல் சுவரிலேயே, விரலுக்கும் ஸ்கோப்புக்கும் எட்டுகிற இடத்தில்தான் வரும், சீக்கிரம் பிடித்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவரைத் தேடிப் போகவில்லை.

பை இல்லை, வெட்டு இல்லை என்று சொல்லும்போதே, முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, ஸ்கோப், ரத்தப் பரிசோதனை, இடையிடையே எம்ஆர்ஐ என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஒருநாள் கூலியை விட்டு வர முடியாதவருக்கு பஸ் காசிலிருந்து வழி பார்க்க வேண்டும். அதுக்கு வழியில்லை என்றால் ஆபரேஷனே அவருக்கு நல்லது என்றுகூட நான் நினைக்கிறேன். டாக்டர்களிடமும் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை.

பிரான்சில் லியோன் நகரத்து டாக்டர் பாப்பியோன் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு, சின்ன எக்ஸ்ரே குழாயை ஆசனவாய் வழியாகக் கட்டியின் மேலேயே வைத்துக் கதிர் கொடுப்பார்கள். ஓப்பரா என்ற ஆய்வில் (முன்னால் சொன்ன ஓப்ரா வேறு) மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்த கட்டிகளுக்கு அதை முதலில் கொடுத்தபோது மூன்று வருடத்தில் 97 சதவீதம் பேருக்கு மலக்குடல் தங்கியது. எங்களிடம் அந்த மெஷின் இல்லை. வந்தால் சந்தோஷம். ஆனால் எட்டு மாதம் மூலம் என்று ஓட்டிவிட்டு வந்தால் கட்டி எங்கே மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கப் போகிறது?

அந்த அம்மாவுக்குப் பிறகு தாளைத் தமிழில் அச்சடித்தோம், தேதிகளைக் கையால் பெரிதாக எழுதித் தருகிறோம். புதன்கிழமை கடைசி நோயாளி இறங்கியதும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்கிறேன். நெசவாளர் ஐயாவுக்கு இது மூன்றாவது வருடம். போன வாரம் கூப்பிட்டபோது பின்னால் தறிச்சத்தம், என் குரல் அவருக்குச் சரியாகவே கேட்கவில்லை. "இரு தம்பி" என்று தறியை நிறுத்திவிட்டு, "வர்ற வியாழன்தானே? தாள செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன்" என்றார்.