பதினாறு டிகிரியில் முரண்டு பிடித்த ஆல்டிஸ்

சிங்கப்பூர்க்காரன் "குளிருக்குக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். 2024 டிசம்பர் 8, ஞாயிறு காலை வரைக்கும் எனக்கும் அப்படித்தான். அன்றைக்கு ஆறரை மணிக்கு மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் தங்கியிருந்த வீட்டு வாசலில் சாவியைத் திருப்பினேன். "டரடரடர" என்று தந்தியடிப்பது போல ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கின, அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. கைப்பேசியில் பார்த்தால் 16 டிகிரி.

பக்கத்து வீட்டில் தங்கியிருந்த ஈப்போக்காரர் ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஜம்ப்பர் கேபிள் போட்டார். "அண்ணே, உங்க ஊர் காருக்கு ஸ்வெட்டர் வாங்கிப் போடுங்க" என்றார். உதவிக்கு வந்தவர் சொன்னால் சிரித்துத்தானே ஆகவேண்டும். வண்டி கிளம்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து "கீஈஈச்" என்று பன்றிக்குட்டி கத்துவது போல ஒரு நிமிடம் சத்தம். பிறகு அது தானாக நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. சிங்கப்பூரில், ஈசூனில் வீட்டுக்குக் கீழே மழைக்காலைகளில் மூன்று நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். பழைய வண்டி என்றால் நாலு சத்தம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 2008-இல் பதிவான கரோலா ஆல்டிஸ், 1.6 லிட்டர். 2018-இல் சி.ஓ.இ.யை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமச் சான்றிதழை, பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். பதினான்கு வயதைத் தாண்டிய வண்டி என்பதால் சாலை வரி ஒன்றரை மடங்கு, பரிசோதனை வருடா வருடம். "வித்துத் தொலைங்களேன்" என்று மனைவி மாதம் ஒரு தடவை சொல்வாள். நான் காது கேட்காதது போல இருந்துவிடுவேன்.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் போனது ஒரு பட்டறைக்கு. பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் பானெட்டைத் திறந்து, சாவியை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட்டர் போய்விட்டது, 480 சிங்கப்பூர் வெள்ளி" என்றார். மீட்டர் எதையும் கையில் எடுக்கவே இல்லை. நாடி பார்க்காமலே மருந்து எழுதும் வைத்தியர் மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசித்தபோது ஒன்று உறுத்தியது. 16 டிகிரி என்பது பேட்டரிக்குக் குளிரே இல்லை. பேட்டரி மேல் போட்டிருக்கும் குளிர்-ஸ்டார்ட் ஆம்பியர் எண்ணைச் சோதிப்பதே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில். குளிரில் உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகும், எஞ்சின் எண்ணெய் கெட்டியாகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் ஊர் 28-க்கும் மலையின் 16-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு நல்ல பேட்டரி படுத்துவிடாது. அப்படியானால் இது ஏற்கெனவே நோயாளி. சிங்கப்பூர் வெயில்தான் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்க வேண்டும்; மலைக்குளிர் செய்ததெல்லாம் காட்டிக்கொடுத்தது மட்டும். சூட்டில் உள்ளே இருக்கும் தகடுகள் சீக்கிரம் அரிக்கும், தண்ணீர் வற்றும். இங்கே ஒரு பேட்டரி இரண்டு வருடம் உழைத்தால் குறை சொல்ல மாட்டார்கள். என்னுடையதுக்கு இரண்டரை.

டிசம்பர் 14, சனி. சிம் லிம் டவருக்குப் போய் 28 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்தேன். ஐந்தாறு நாள் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி காட்டியது 12.0 வோல்ட். முழுதாக ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும். மனைவி சாவியைத் திருப்ப, நான் மீட்டரைப் பார்த்தேன்: 8.4-க்கு இறங்கி, எஞ்சின் எப்படியோ பற்றிக்கொண்டது. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது 14.1. ஆக, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்ட்டர்னேட்டர் மேல் குற்றமில்லை.

சரி, 12.0 ஏன்? வேலைக்கு நான் ரயிலில் போகிறவன். ஞாயிறு மாலை நிறுத்தினால் அடுத்த சனிக்கிழமைதான் எடுப்பேன். நிற்கிற வண்டியில் எது குடிக்கிறது என்று பார்க்க, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி மீட்டரை இடையில் கோத்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பட்டும் என்று பூட்டும் கொக்கியை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, வண்டி தூங்கட்டும் என்று அரைமணி நேரம் கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்தேன். இதில் அவசரப்பட்டால் தப்பான எண்தான் வரும்.

எண் வந்தது: 0.28 ஆம்பியர். இருக்க வேண்டியது 0.05-க்குள். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நாலாவது ஃபியூஸில் சட்டென்று 0.03-க்கு இறங்கியது. குற்றவாளி டேஷ்கேம். நிறுத்தியிருக்கும்போதும் படம் பிடிக்கட்டும் என்று போன வருடம் நானே இழுத்த வயர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.28 ஆம்பியர், 24 மணி நேரம், ஐந்தரை நாள். 37 ஆம்பியர்-மணி ஆகிறது. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45. வோல்ட் இறங்கினால் தானே அணைந்துகொள்ளும் வசதி கேமராவில் இருக்கிறது. அதன் எல்லையை 11.8 என்று வைத்திருந்ததும் நான்தான். அதற்குள் பேட்டரி கிட்டத்தட்ட காலி. வாராவாரம் அதைப் பட்டினி போட்டுவிட்டு, சனிக்கிழமை அரைமணி ஓட்டத்தில் விருந்து வைத்திருக்கிறேன்.

"பட்டறைக்காரரைத் திட்டினீங்களே" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

இங்கேதான் அந்தக் கீச் சத்தத்துக்கும் விடை கிடைத்தது. காய்ந்து கிடக்கும் பேட்டரி, எஞ்சின் ஓடத் தொடங்கிய கையோடு ஆல்ட்டர்னேட்டரிடமிருந்து மொத்தமாக உறிஞ்சும். ஆல்ட்டர்னேட்டர் சுற்றுவது கனமாகும். அதைச் சுற்றும் பெல்ட் தேய்ந்திருந்தால் வழுக்கிக் கத்தும். கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் பாரம் குறையும், சத்தமும் அடங்கும். ஒரு நிமிடத்தில் அது நின்றதன் காரணம் அதுதான். மாதக்கணக்கில் பெல்ட் கூப்பாடு போட்டது பேட்டரிக்காக. நான் கதவைச் சாத்திக்கொண்டு ஏ.சி. போட்டுக்கொண்டேன்.

புது பேட்டரி 130 வெள்ளி. கேமராவின் நிறுத்த நேரப் பதிவை அணைத்தேன். மூன்று வாரம் வண்டி பூப்போலக் கிளம்பியது. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

2025 ஜனவரி 10-ஆம் தேதி மழை பிடித்தது. நினைவிருக்கும், சாங்கியில் ஜனவரி மாதத்துக்கு மொத்தமாகப் பெய்ய வேண்டியதை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்த மழை. ஊரே ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்தது. சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினால், "டொக்". ஒரே ஒரு டொக். இரண்டாவது தடவை மறுபடி டொக். மூன்றாவதில் கிளம்பியது.

பழுதின் குரல் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். "டரடரடர" என்றால் பேட்டரியில் தெம்பில்லை, சொலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) பிடித்துப் பிடித்து விடுகிறது. ஒற்றை "டொக்" என்றால் சொலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கலாம். அல்லது வழியில் எங்கோ தடை. பட்டறைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று வயிற்றைக் கலக்கியது.

கீழ்மாடி அண்ணன் முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். குடையைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தவர், "தம்பி, போற வழியப் பாத்தே. வர்ற வழியப் பாத்தியா?" என்றார். எர்த்தைச் சொல்கிறார், மின்சாரம் எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் வழியை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, மனைவியை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். நல்ல வண்டியில் இது 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். எனக்கு வந்தது 0.9. ஸ்டார்ட்டர் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், தடை வெறும் ஆறு மில்லி ஓம். சாதாரண மீட்டரில் ஓம் வைத்து அளந்தால் கண்ணுக்கே தெரியாது. பாரம் ஏற்றி அளந்தால்தான் ஒப்புக்கொள்கிறது.

கியர்பாக்ஸ் மேல் எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் ஒரு போல்ட். வெளியே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. கழற்றியதும் வளையத்தின் அடியில் விபூதி பூசினாற்போல வெள்ளைப் பொடி, ஓரத்தில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வளையம் செம்பு நிறத்துக்கு வந்தது, அலுமினியம் பளிச்சென்றது. கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கினேன். மறுபடி அளந்தால் 0.1. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி 10.6-க்குக் கீழே போகவில்லை. செலவு உப்புத்தாள் ஒன்று. ஸ்டார்ட்டரை இன்றுவரை திறக்கவில்லை.

மிச்சம் பெல்ட். ஓடும்போது அதன் பள்ளங்கள் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது. எனக்கு அதிகமானது. மாற்றும் வேலையை வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்தில் வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே எல்லை தாண்ட வேண்டுமே என்று முக்கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு ஜொகூரில், மாசாயில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் ஒரு மணி நேர வேலை, அதில் பாதி நேரம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தும் 19 ஸ்பேனரைத் தேடியது. கழற்றிய பெல்ட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. இந்தக் காலத்துப் பெல்ட் விரிசல் விடாமலேயே தேய்கிறது. புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பழையதன் பள்ளங்கள் அகன்று போயிருப்பது தெரிந்தது. கீச் ஒழிந்தது.

அது ஒழிந்த பிறகுதான் இன்னொன்று காதில் விழுந்தது. வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து "தடக்... தடக்". ஷாக் அப்சார்பரா, ஸ்டெபிலைசர் லிங்க்கா என்று மச்சானும் நானும் வண்டியைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினோம். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் அவன் டிக்கியில் இருந்த ஸ்பேர் டயரைத் தூக்கினான். அடியில், கோலிக்குண்டு போலக் காய்ந்து கறுத்த ஓர் எலுமிச்சம்பழம். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு வைத்தது.

"தூக்கிப் போட்டுடவா, மச்சான்?" என்றான்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அதைக் கைக்குட்டையில் சுற்றி முன்பக்கப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: சிக்னலில் நிற்கும்போது அடியில் தகரம் அதிர்வது போல ஒரு சத்தம். எக்ஸாஸ்ட் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடாக இருக்கும். அடுத்த தடவை மாசாய் போகும்போது ஒரு ஹோஸ் கிளிப் வாங்கிப் போக வேண்டும்.