எந்த அமைதி வழி, முஹந்திஸ்?

ஈராக் எண்ணெய் வயலில் என்னோடு வேலை பார்த்த ஹஜ்ஜி இதைக் கோபமாகக் கேட்கவில்லை. முஹந்திஸ் என்றால் அரபியில் இன்ஜினியர், அதாவது நான். கண்ணாடி கிளாஸின் அடியில் கிடந்த சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார். இத்தனை வருடம் கழித்தும் மனசுக்குள் நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தினம் ஒரு பதில்.

2016 ஜூலை 6, சில்காட் அறிக்கை வெளியான நாள். ஈராக் போரில் பிரிட்டன் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அவர்கள் நாட்டு விசாரணைக் குழுவே ஏழு வருடம் உட்கார்ந்து எழுதியது, மொத்தம் 26 லட்சம் வார்த்தை. அதில் நான் பிடித்துக்கொண்டது ஒரு வரியை: அமைதி வழிகள் தீரும் முன்பே படையெடுப்பில் சேர்ந்தார்கள். கண்ட்ரோல் ரூமில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்க ஹஜ்ஜி, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றேன். குரலில் கொஞ்சம் வெற்றிக் களிப்பு இருந்திருக்கும். 2003இல் கல்லூரியில் போரை எதிர்த்து ஊர்வலம் போனவன் நான். போருக்குக் காரணமாகச் சொன்ன ஈராக்கின் பேரழிவு ஆயுதம் என்பது கட்டுக்கதை என்று அப்போதே கத்தினோம். அடுத்த வருடம் அமெரிக்காவின் ஆய்வுக் குழுவும் ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. நாங்கள் சொன்னதுதான் சரி.

அப்போதுதான் கேட்டார், எந்த அமைதி வழி என்று. 1990இலிருந்து 2003 வரை பொருளாதாரத் தடை. அவருடைய அம்மாவுக்கு இன்சுலின் கிடைக்கவில்லை. ஆசிரியராக இருந்த மாமா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சிகரெட் விற்றார். "அதுதான் உங்கள் அமைதி. இன்னும் எத்தனை வருடம் அதைத் தொடர்ந்திருக்க வேண்டும்?"

"அப்போ போர் சரிதானா?" என்றேன். வாதத்தில் மாட்டிக்கொண்டவன் கேட்கும் கேள்வி அது, தெரியும். ஆனாலும் நியாயமான கேள்விதானே?

"நான் அப்படிச் சொன்னேனா?" என்றார். டீயைக் குடித்துவிட்டு, கழிவு வாயு எரியும் ஃபிளேரின் கேமராவைப் பார்க்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. இதைப் போய் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள்.

ஒருவேளை அதற்கு முன்பு நடந்த இன்னொன்றையும் சேர்த்தால்தான் இது விளங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, எங்கள் தெருவில் சதாம் உசேன் என்று ஒரு பையன் இருக்கிறான், ஊர்ப் பக்கம் அந்தப் பெயரில் நிறையப் பேர் உண்டு என்று சொன்னேன். வளைகுடாப் போரின்போது அமெரிக்காவை எதிர்த்து நின்ற ஆள் என்பதால் நம் பக்கம் அவர் மேல் ஒரு அபிமானம் இருந்தது, உங்களுக்கே தெரியும். ஹஜ்ஜி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பையன் எந்த வருடம் பிறந்தான்?" என்று கேட்டார். 1991 என்றேன். அப்புறம் அன்று முழுக்க அவர் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அவருடைய அண்ணனை 1991 மார்ச்சில் பஸ்ராவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதை வேறொருவர்தான் என்னிடம் சொன்னார். அப்போது அங்கே சதாமை எதிர்த்துக் கிளர்ச்சி. குவைத்தில் தோற்றுத் திரும்பிய படையிலிருந்துதான் அது கிளம்பியது. எழுந்து நில்லுங்கள் என்று சொன்ன அமெரிக்கா, சதாமின் ஹெலிகாப்டர்கள் பறந்தபோது வேடிக்கை பார்த்தது. அண்ணன் திரும்பவில்லை. 2003க்குப் பிறகு சதாம் காலத்துக் கூட்டுப் புதைகுழிகளைத் தோண்டியபோது ஹஜ்ஜி ஒவ்வொன்றாகப் போய்த் தேடினாராம்.

போர் நடக்காமல் இருந்திருந்தால் அவர் தேடவாவது முடிந்திருக்குமா? இந்த இடத்துக்கு வந்தால் எனக்குப் பேச்சு வராது. உடனே இன்னொரு பக்கம் நினைவுக்கு வரும். 2003 மே மாதம் அமெரிக்கர்கள் ஒரே வாரத்துக்குள் சதாமின் பாத் கட்சிக்காரர்களை வேலையிலிருந்து விரட்டி, ஈராக் ராணுவத்தையும் கலைத்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான ஆட்களைச் சம்பளம் இல்லாமல் தெருவில் விட்டார்கள். அதற்குப் பிறகு செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், அதுவும் சாதாரண ஜனங்கள். அந்த வீடுகளிலும் ஒரு ஹஜ்ஜி இருப்பார் இல்லையா? அவரிடம் போய் புதைகுழியைத் தோண்ட முடிந்ததே என்று சொல்ல முடியுமா?

எண்ணெய்க்காக நடந்த போர் என்று ஒரு வரியில் முடிப்பவர்களோடும் இப்போது என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. 2009 ஏலத்தில் பஸ்ரா பக்கத்து ருமைலா எண்ணெய் வயலை எடுத்த வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கிடைத்தது, கூடுதலாக எடுக்கும் பீப்பாய்க்கு 2 டாலர் கூலி. எண்ணெய் ஈராக் அரசுக்குத்தான். ஆனால் அந்தக் கதவு திறந்ததால்தான் என்னைப் போன்ற இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களுக்கு அங்கே வேலை. ஊர்வலம் போனவன் அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியிருக்கிறேன். எழுபது, எண்பதுகளிலேயே இந்தியர்கள் ஈராக்கில் போய் வேலை பார்த்தவர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மைதான்.

செக்போஸ்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழில் சம்பந்தப்பட்டது. எங்கள் சைட் கேட்டில் சாதாரண கேஸ் டிடெக்டரைக்கூட, அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து ஒட்டிய காலிப்ரேஷன் ஸ்டிக்கர் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியே ரோட்டில் போலீஸ்காரர் கையில் ஒரு பிளாஸ்டிக் பிடி இருக்கும். அதில் ஒரு ஏரியல் குச்சி இப்படியும் அப்படியும் ஆடும். ஏடிஇ 651, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவியாம். பேட்டரி கிடையாது, உள்ளே சர்க்யூட் கிடையாது. கோல்ஃப் பந்து தேடித் தருகிறேன் என்று விற்ற வேடிக்கைப் பொருளிலிருந்து வந்தது. விற்ற பிரிட்டிஷ்காரருக்கு 2013இலேயே 10 வருடம் சிறை. அதற்குப் பிறகும் மூன்று வருடம் அதைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அறிக்கை வருவதற்கு மூன்று நாள் முன்பு பாக்தாதில் கர்ராதா குண்டுவெடிப்பு. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்புறம்தான் அப்போதைய ஈராக் பிரதமர் அபாதி அதைத் தூக்கிப்போடச் சொன்னார்.

ஹஜ்ஜியின் தங்கை மகன் ஒரு செக்போஸ்ட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவன். "இல்லாத குண்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள், இருக்கிற குண்டைத் தேட இதை விற்றார்கள்" என்பது ஹஜ்ஜியின் ஜோக். கேட்கும்போது சிரித்தேன். யோசித்தால் அதுவும் முழு நியாயம் இல்லை. விற்றது ஒரு மோசடிக்காரர், லஞ்சம் வாங்கிக்கொண்டு வாங்கியது ஈராக் அதிகாரிகள். போரின் கணக்கில் எதையெல்லாம் எழுதுவது? 2018இல் பஸ்ரா குழாயில் உப்பும் சாக்கடையும் வந்து லட்சம் பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்களே, அது யார் கணக்கு? அணை கட்டிய பக்கத்து நாடுகளா, பணத்தைத் தின்ற கட்சிகளா, அந்தக் கட்சிகளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர்களா?

போர் அநியாயம் என்பதில் நான் இன்றும் மாறவில்லை. பொய் சொல்லித் தொடங்கிய போரில் தற்செயலாகக் கிடைத்த நன்மைக்கு, தொடங்கியவன் பெயர் வாங்கக் கூடாது. இதை எழுதிவிட்டுப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஹஜ்ஜி எதிரில் உட்கார்ந்தால் இதே வாக்கியம் வாயில் வராது.

இப்போது அவரே என்னை வேறொன்றில் மாட்டிவிட்டிருக்கிறார். அவருடைய கடைசிப் பையன் போருக்குப் பிறகு பிறந்தவன். சதாம் காலத்தில் கரண்ட் இருந்தது, தண்ணீர் இருந்தது, ஒரு ஒழுங்கு இருந்தது என்று வீட்டில் பேசுகிறானாம். அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. "நீ போரை எதிர்த்தவன். நீ சொன்னால் கேட்பான். சதாம் யார் என்று அவனுக்குச் சொல்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பையனுக்கு 1991 பற்றி நீளமாக எழுதினேன். பெரியப்பாவைப் பற்றியும் எழுதினேன். அவனிடமிருந்து வந்த பதிலில் ஒரு கேள்விதான் இருந்தது: அப்படியானால் அமெரிக்கா வந்தது நல்லது என்கிறீர்களா?

டைப் செய்வதும் அழிப்பதுமாக இருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.