கொடி வருமுன் பந்தல்

ஜனவரி 5

திராட்சைக்குப் பந்தல் போடுவது என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. இரண்டு வருடமாகப் பேச்சிலேயே இருந்த வேலை. இன்று காலை 8 மணி, நடுப்பகல், மாலை 4 மணி என்று மூன்று முறை தோட்டத்துக்குப் போய், சுவரின் நிழல் எதுவரை வருகிறது என்று சுண்ணாம்பால் கோடு கிழித்துவிட்டு வந்தேன். மூன்று கோட்டுக்கும் வெளியே நிற்கிற இடம்தான் பந்தலுக்கு.

வெயிலில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த பருவத்தில் வரப்போகிற பூங்கொத்து, இந்தப் பருவத்துக் குச்சியின் மொட்டுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்தக் குச்சி நிழலிலேயே வளர்ந்தால், மொட்டு விரியும்போது இலைதான் வரும், பூ வராது. இடத்தைத் தப்பாக எடுத்துவிட்டால் அதற்கப்புறம் எந்த உரத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஜனவரி 8

அளவு: 12 அடிக்கு 9 அடி. உயரம் 7 அடி.

உயரத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அப்பா 6 அடி போதும் என்றார். சுவரில் 6 அடியில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு சாண் கயிற்றைத் தொங்கவிட்டுக் காட்டினேன். குலை தொங்குவது அந்த இடத்தில்தான், நேராக நெற்றியில். பிறகு கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தேன். 8 அடி என்றால் ஏணி வேண்டும். 7 அடியில் முழங்கை கொஞ்சம் மடங்கிய நிலையிலேயே வெட்ட முடிகிறது. கவாத்து, அதாவது குச்சிகளை வெட்டிவிடுவது, வருடா வருடம் மணிக்கணக்கில் அண்ணாந்து நின்று செய்கிற வேலை. அதனால் செய்கிறவரின் கைதான் பந்தலுக்கு அளவுகோல். இதை யார் கேட்டாலும் முதலில் சொல்வேன்.

ஜனவரி 12

மரமா, இரும்பா? மரத்தின் மேல் எனக்கு ஆசை. ஆனால் மரக்கால் அழுகுவது மண்ணும் காற்றும் சேருகிற அந்த நான்கு விரல் அகலத்தில்தான். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அது. மேலே கட்டை கல் மாதிரி இருக்கும், அடியில் இற்றுப்போயிருக்கும். அதற்குள் கொடி பந்தல் முழுக்கப் பின்னியிருக்கும். கொடியைக் கலைக்காமல் அப்போது காலை எப்படி மாற்றுவது?

திராட்சையின் ஆயுசு பெரிது. இங்கிலாந்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட கொடி, அதற்கென்றே உள்ள கண்ணாடி வீட்டுக்குள் இன்னமும் காய்க்கிறது. என் கொடிக்கு அந்த வயது வேண்டாம், முப்பது நாற்பது வருடம் இருந்தாலே போதும். அவ்வளவு காலம் நிற்கிற கால் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் என்று முடிவு செய்தேன். கால்களுக்கு 2 அங்குலம், மேல் சட்டத்துக்கு ஒன்றரை அங்குலம். நான்கு மூலைக்கும் நான்கு கால், நீளப்பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு. காலின் நீளம் ஒன்பதரை அடி, அதில் இரண்டரை அடி மண்ணுக்குள்.

ஜனவரி 18

இடம் குறித்தோம். 12-க்கு 9 எடுத்ததில் ஒரு வசதி, மூலைவிட்டம் பிசிறில்லாமல் 15 அடி வந்துவிடும். 3-4-5 முக்கோணத்தின் மும்மடங்கு அது. நான் ஒரு முளையில் டேப்பைப் பிடித்துக்கொள்ள, அப்பா எதிர்முளையை நகர்த்தி நகர்த்தி, இரண்டு மூலைவிட்டமும் 15 அடி வரும்வரை விடவில்லை.

மதியத்துக்குள் நான்கு குழி. கடப்பாரை பட்ட இடமெல்லாம் கல். மீதி இரண்டையும் சாயங்காலம் முடித்தோம்.

ஜனவரி 19

குழியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஜல்லி போட்டோம். கால் ஜல்லியின் மேல் நிற்கட்டும், தண்ணீர் இறங்கிப் போய்விடும். அதன் மேல் கலவை.

முதல் காலிலேயே தப்பு நடந்தது. தூக்குக்குண்டை ஒரு பக்கமாக மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கலவையைக் கொட்டிவிட்டேன். இரண்டாவது காலை நிறுத்திவிட்டு, மேலே கயிறு இழுத்துப் பார்த்தபோது முதல் கால் 3 செ.மீ. வெளியே சாய்ந்திருந்தது. குழாய் எந்தப் பக்கமும் சாயும். அதனால் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்த்தாக வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மண்வெட்டியை எடுத்தார். கலவை இறுகுவதற்குள் வாரிப் போட்டுவிட்டு மறுபடி நிறுத்தினோம். இந்த முறை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கலவை விழுந்தது.

எல்லாக் காலின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தரையோ ஒரு பக்கம் சரிவு. தரையிலிருந்து அளந்தால் பந்தலும் சரியும். ட்யூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தோம். மூன்றாவது காலில் மட்டும் கணக்கு உதைத்தது. அப்பா ட்யூபைக் கண்ணருகே கொண்டுபோய் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு மிளகு அளவுக்குக் காற்றுக்குமிழி. விரலால் இரண்டு தட்டு தட்டினார். குமிழி நெளிந்து நெளிந்து மேலேறி வாயில் வெடித்தது, தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கி நின்றது. "இப்ப பாரும்மா" என்றார்.

கலவையின் தலையைத் தரைக்கு மேலே கொஞ்சம் தூக்கி, நான்கு பக்கமும் சரிவாகப் பூசியிருக்கிறோம். மழைத்தண்ணீர் குழாயடியில் தேங்காது. ஒரு வாரத்துக்கு ஈரச்சாக்கு.

ஜனவரி 26

மேல் சட்டம் வெல்டிங் ஆயிற்று. துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் வைத்தால் வெள்ளையாக ஒரு புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல் கண்டுவிடும். காற்றோட்டமான இடத்தில், காற்றுக்கு முதுகு காட்டாமல், காற்று பக்கவாட்டில் அடித்து புகை முகத்தைவிட்டு ஒதுங்கிப் போகிற மாதிரி நின்று செய்யச் சொன்னேன். பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். ஒவ்வொரு மூட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடித்தேன்.

சட்டம் ஏறியதும் கீழே போய் நின்று பார்த்தேன். மேலே வெறும் வானம்தான். ஆனாலும் ஓர் அறைக்குள் நிற்கிற உணர்வு வந்துவிட்டது. எகிப்தில், லக்சருக்கு எதிர்க்கரையில், சென்னெஃபர் என்ற நகரத் தலைவரின் கல்லறை இருக்கிறது. 3,400 வருடங்களுக்கு முந்தியது. குடைந்த பாறையின் மேற்கூரை மேடும் பள்ளமுமாக இருந்ததை அப்படியே விட்டு, அதன் மேலேயே திராட்சைக்கொடியும் குலைகளும் வரைந்திருக்கிறார்கள். பாறையின் புடைப்பு, குலையின் பாரத்தால் பந்தல் தொய்ந்த மாதிரி தெரிகிறது. சாவுக்கு அப்புறமும் ஒருவர் இதன் கீழேதான் இருக்க ஆசைப்பட்டிருக்கிறார். எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

பிப்ரவரி 2

கம்பி கட்டும் நாள். குறுக்கே அடிக்கு ஒன்றாக 11 கம்பி, நெடுக்கே 8. எல்லாம் இரண்டரை மி.மீ. துத்தநாகக் கம்பி. ஒரு முனையைச் சட்டத்தில் சுற்றிக் கட்டி, மறுமுனையில் வளையம் வைத்த போல்ட். நட்டைத் திருகத் திருகக் கம்பி விறைக்கும்.

குறுக்குக் கம்பி பதினொன்றையும் ஓர் ஓரத்திலிருந்து வரிசையாக முறுக்கிக்கொண்டே போனேன். ஏழாவதுக்கு வந்தபோது முதல் மூன்றும் தொளதொளவென்று கிடந்தன. மறுபடி அவற்றை முறுக்கினால் நடுக்கம்பிகள் தளர்ந்தன. நட்டு ஏதோ நழுவுகிறது என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. கடைசியில் சட்டத்தின் நீளத்துக்கு ஒரு நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இரண்டு கால்களுக்கு நடுவில் சட்டமே ஒரு விரற்கடை உள்ளே வளைந்திருக்கிறது.

பந்தல் கீழே விழாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே நினைத்துக் கட்டியிருக்கிறேன். பந்தலை உள்பக்கமாக இழுப்பது கம்பிதான், அதை நினைக்கவில்லை. ஒரு கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. பதினொன்று சேர்ந்தால் குழாயே வளைகிறது.

பிப்ரவரி 3

எல்லா நட்டையும் தளர்த்திவிட்டேன். சட்டம் நேராகிவிட்டது, நிரந்தரமாக வளையவில்லை. நிம்மதி.

பெரிய தோட்டங்களில் இதற்கு வழி வேறு. ஓரத்துக் கால்களை வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, அவற்றின் தலையிலிருந்து இழுகம்பி விட்டு, தரையில் புதைத்த கல்லோடு கட்டிவிடுவார்கள். உள்ளிழுப்புக்கு வெளியிழுப்பு சரியாகப் போய்விடும். எனக்கு இழுகம்பி ஓட இடமில்லை, ஓடினாலும் நடக்கிறவர் காலில் தட்டும். ஆகவே இழுப்பை உள்ளேயே தாங்க வேண்டும்: 3, 6, 9 அடிகளில் மூன்று குறுக்குக் குழாய், நடுவில் நெடுக்காக ஒன்று. சட்டம் உள்ளே வர முயன்றால் இவை முட்டுக்கட்டையாக நிற்கும்.

பிப்ரவரி 8

குழாய்கள் ஏறிவிட்டன. குறுக்குக் கம்பி இப்போது எட்டுப் போதும். இந்த முறை நடுவிலிருந்து தொடங்கி, இடம் வலம் என்று மாற்றி மாற்றி, ஒரு சுற்றில் கொஞ்சமாக, நான்கு சுற்றில் முறுக்கினேன். நூல் நேராகவே நின்றது. கம்பிகள் குறுக்கிடுகிற இடங்களில் மெல்லிய கம்பியால் கட்டுப் போட்டாயிற்று.

'கொடிக்குக் காய் பாரமா' என்பார்கள். கொடிக்குப் பாரமில்லை, பந்தலுக்குப் பாரம்தான். 108 சதுர அடி என்பது சுமார் 10 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 3 கிலோ பழம் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன், 30 கிலோ. குச்சி, இலை, மழையில் இலை குடிக்கிற ஈரம் எல்லாவற்றுக்கும் இன்னொரு 10. ஐந்து லிட்டர் கேன் எட்டில் தண்ணீர் நிரப்பி, கட்டங்களில் பரவலாகத் தொங்கவிட்டோம். பாப்பா ஓடி ஓடி ஒவ்வொரு கேனையும் தூக்கிக் கொடுத்தாள். கம்பி 3 செ.மீ. இறங்கி நின்றது.

இந்தத் தொய்வையும் போக்கிவிடலாம் என்று நட்டில் கை வைத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஒரே பாரத்துக்குத் தொய்வைப் பாதியாக்க வேண்டுமென்றால் இழுப்பு இரண்டு மடங்காகும். துளியும் தொய்யாத கம்பி என்று ஒன்று கிடையாது, அதற்கு முன்னால் அறுந்துவிடும். மூன்று செ.மீ. இருக்கட்டும்.

ராத்திரி முழுக்க கேன்கள் தொங்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9

அதே மூன்று செ.மீ.

பிப்ரவரி 16

நட்டாயிற்று. எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொடி, காலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. காலை ஒட்டி நட்டால் வேருக்குச் சிமென்ட்தான் கிடைக்கும். வேர்விட்ட குச்சிகளை இரண்டு மொட்டு மட்டும் வைத்து வெட்டிவிட்டேன். "இருக்கிறதே இவ்வளவுதான், அதையும் வெட்டிட்டியேம்மா" என்று பாப்பா முகம் வாடிவிட்டாள். ஐந்தாறு தளிர் பலவீனமாக வருவதைவிட ஒரே தளிர் பலமாக வந்தால் அதுதான் தண்டாகும் என்று சொன்னேன். அவளுக்குச் சமாதானமாகவில்லை.

ஏப்ரல் 6

ஒரு கொடிக்கு ஒரு தளிர் மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிட்டேன். மேலே கம்பியிலிருந்து சணல் கயிறு இறக்கி, தளிரைப் பழைய துணிக்கிழிசலால் எட்டு வடிவத்தில் கட்டுகிறேன். துணியின் ஒரு வளையம் தண்டைச் சுற்றி, ஒரு வளையம் கயிற்றைச் சுற்றி. தண்டு பருக்க இடம் இருக்கும், கயிறு உரசாது. கிழக்கு மூலைக் கொடி 71 செ.மீ. மேற்கு மூலை 64.

மே 4

பற்றுக்கம்பி வந்துவிட்டது. இலைக்கு நேர் எதிரே, கணுவிலிருந்து கிளம்புகிறது. இரண்டு கணுவில் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. மறுபடி இரண்டில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. கீழிருந்து மேல்வரை எண்ணிப் பார்த்தேன், தவறவே இல்லை. பழக்குலை தொங்கப்போவதும் இதே இடத்தில்தான். பூங்கொத்தும் பற்றுக்கம்பியும் ஒரே முளையின் இரண்டு போக்கு, குலையாக வேண்டியது சிலசமயம் பற்றுக்கம்பியாகி, நுனியில் இரண்டு பழத்தோடு நிற்பதும் உண்டு.

ஒன்று நேற்று சணலைத் தொட்டது. நுனி இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரிவு கயிற்றை ஒன்றரைச் சுற்று சுற்றியிருக்கிறது. இன்று பார்த்தால் நடுப்பகுதியும் சுருளத் தொடங்கிவிட்டது. பாதிவரை ஒரு பக்கமாகச் சுற்றி, நடுவில் ஒரு நேர்த்துண்டு விட்டு, மறுபாதி எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. இரண்டு முனையும் கட்டுண்ட பிறகு சுருள வேண்டுமென்றால் இப்படித்தான் முடியும். காற்றடித்தால் நீண்டு கொடுத்து, மறுபடி சுருங்குகிறது. நான் முறுக்கிய கம்பியையும் இதையும் தமிழில் ஒரே பெயரால்தான் சொல்கிறோம்.

ஜூன் 15

கிழக்கு மூலைக் கொடி பந்தல் கம்பியை எட்டிவிட்டது. கம்பிக்கு ஒரு சாண் கீழே நுனியை வெட்டினேன். நல்லவேளை பாப்பா பக்கத்தில் இல்லை.

ஜூலை 2

வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கணுவிலும் தளிர். ஒன்றை நெடுக்குக் கம்பியின் இந்தப் பக்கமும், மற்றதை அந்தப் பக்கமும் திருப்பிவிட்டேன். இவைதான் பந்தலின் கைகள். இவற்றிலிருந்து பக்கக் கிளைகள், அவற்றில் காய்க்கும் குச்சிகள். பந்தல் மூடினாலும் கீழே வெயில் காசு காசாய் விழ வேண்டும், அதற்கு மேல் அடர விடமாட்டேன்.

"பழம் எப்பம்மா?" என்றாள் பாப்பா. அடுத்த வருடம் கொஞ்சம், அதற்கடுத்த வருடம் நிறைய என்றேன். அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, எல்லாக் கம்பியையும் விரலால் ஒருமுறை மீட்டிப் பார்த்தார். நெடுக்கில் ஐந்தாவது மட்டும் மந்தமாக ஒலித்தது. ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, அரைச்சுற்று முறுக்கிவிட்டு இறங்கினார்.